நேர்கானல்

கதவில் ஒட்டியிருந்த தாளில் அப்படித்தான் இருந்தது.
கும்பகோணம், உச்சிப்பிள்ளையார் கோயில் முக்கில்
மாடியில் நகைக்கடன் கம்பெனி.
ஒன்பது பேருக்கு எட்டு நாற்காலி.
நின்றுகொண்டே அந்த எழுத்தைப் பார்த்தேன்,
ஒரு சுழி குறைந்து
காணல் கானலாகிக் கிடந்ததை.

"தையல்நாயகி.
தையல் தெரியுமாம்மா?" என்றார் கோவைக்காரர்.
சிரிக்க வேண்டிய இடம். சிரித்தேன்.
டைப்பிங் தெரியும் சார், ரெண்டு மொழியும்.
திருப்பனந்தாள் ஃப்ளெக்ஸ் கடையில் நாலு வருஷம்.
காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வட்டச் செயலாளர் பிறந்தநாள்,
கண்ணீர் அஞ்சலி.

நடுவில் இருந்த அம்மா பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
"உங்க வேலையில ஒருத்தர் குறை சொன்னா
எப்படி எடுத்துக்குவீங்க?
ஒரு உதாரணத்தோட சொல்லுங்க."

இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது.
ஏழு நாற்பது பஸ்ஸில்
சோழபுரம் தாண்டும்வரை உதட்டுக்குள் உருட்டியது:
குறையை வளர்ச்சிக்கான வாய்ப்பாகப் பார்ப்பேன்.
முழுதாகக் கேட்பேன். குறுக்கே பேச மாட்டேன்.
நன்றி சொல்வேன். திருத்திக்கொள்வேன்.

வாய் தொடங்கிவிட்டது.
"முழுதாகக் கேட்பேன்" வரை போனது.

மேட்டூர் நிரம்பிக்
கொள்ளிடத்தில் விட்டிருந்தார்கள் அந்த வாரம்.
மணல் அள்ளிய பள்ளம்
தண்ணீருக்கு மேலே தெரியாது.
இளம்பரிதி, பதினொன்றாம் வகுப்பு.
பள்ளிக்கூட ஐடி கார்டிலிருந்து முகத்தை வெட்டி எடுத்துப்
பின்னால் நீல வானம் வைத்தேன்,
இரண்டு புறா வைத்தேன்.
ஆறுக்கு நாலு அளவு.
'ஆழ்ந்த இறங்கல்' என்று அடித்தேன்.

ராத்திரி ஒன்பதரைக்கு அவன் அப்பா வந்தார், கலியபெருமாள்,
சுருட்டிய ஃப்ளெக்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு.
தரையில் விரித்தார். ஃபேன் காற்றுக்கு ஓரம் எழும்பியது;
ஒரு மூலையில் செருப்புக் காலை வைக்கப் போய்,
செருப்பைக் கழற்றிவிட்டு வைத்தார்.
குனிந்து அந்த எழுத்தைத் தொட்டார்.
"எம்புள்ள இறங்கித்தாம்மா செத்தான்.
அத முக்குல வேற கட்டணுமா?"

சத்தம் போட்டிருக்கலாம் அவர்.

"நீங்க எழுதிக் குடுத்ததுதாண்ணே" என்றேன்.
எழுதிக் கொடுத்த தாள் கீபோர்டுக்கு அடியில் இருந்தது.
கோடு போட்ட நோட்டுத் தாள். நீல மை.
இரங்கல். சின்ன ர. அச்சு மாதிரி.
கீபோர்டை ஓர் அங்குலம் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அப்படியா எழுதினேன்?" என்று கையைத் திருப்பிப் பார்த்தார்.
"இருக்கும். கை நடுங்குச்சு."
இன்னொன்றுக்கு இருநூற்று எண்பத்தெட்டு ரூபாய்
எண்ணி வைத்தார்.
எடுத்துக் கல்லாவில் போட்டேன்.

"அப்புறம்?" என்றார் அந்த அம்மா.

அப்புறம், மேடம், நன்றி சொல்வேன்,
திருத்திக்கொள்வேன், வாய்ப்பு, வளர்ச்சி.
எல்லாம் வந்தது, கொஞ்சம் வரிசை மாறி.
கோவைக்காரர் ஒரு டிக் போட்டார்.

"எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?"

கேட்க ஒன்றும் இல்லை.
"கதவுத் தாள்ல மூணு சுழி ண வரணும் மேடம்.
இப்ப இருக்கறது கானல் நீருக்குப் போடற கானல்."

மூன்று பேரும் கதவைப் பார்த்தார்கள்,
உள்பக்கம் ஒன்றும் எழுதியிருக்காத கதவை.
கோவைக்காரர் காது சிவந்தது.
"கடைக்காரன் பண்ணது. நாங்க சரியாத்தான் குடுத்தோம்"
என்றவர் முன்னாலிருந்த ஃபைலை
ஓர் அங்குலம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சொல்லி அனுப்புகிறார்களாம்.

ஜெயங்கொண்டம் பஸ் நின்றது. ஏறினேன்.
"திருப்பனந்தாளா?" என்றார் தினம் பார்க்கும் கண்டக்டர்.
அணைக்கரை என்றேன்.
வயல்களில் நாற்றுக்கட்டுகள் இறைந்து கிடந்தன.
ரெண்டு வருஷம் ஆகிறது.
பர்ஸில் மூன்று நூறு ரூபாய்த் தாள்.
பன்னிரண்டு ரூபாய் மீதி தர வருவார், அவர் அப்படித்தான்.
அதை வாங்குவதா வேண்டாமா என்பதிலேயே
சோழபுரம் தாண்டிவிட்டது,
என்ன சொல்வது என்பதற்கு
நான் இன்னும் வரவேயில்லை.