ஐந்துக்குக் கீழே

மூக்கு நெற்றியைத் தொடும் பள்ளத்தில் தொடங்கு,
பிடரி எலும்பின் மேட்டில் முடி என்கிறது பாடம்.
தையல் நாடாவை ரெய்னோவின் தலைமேல் ஓட்டுகிறேன்.
முப்பத்தாறரை.
பாதி, பதினெட்டேகால்.
கண்மைப் பென்சிலால் அங்கே ஒரு கோடு,
காதுக்குக் காது அளந்து இன்னொரு கோடு,
இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் உச்சி.
முதல் நாள் ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளிக் குறித்துவிட்டேன்.
"என் மூளை வீடு மாறிவிட்டதா?" என்றான்.
நான்கு மாதத்தில் அவன் அடித்த முதல் ஜோக்.
சிரிக்கத் தோன்றாமல்
அழித்து எழுதினேன்.

தண்டர் பேயில் பிப்ரவரி.
ஏரி கல்லாகிவிட்டது.
கூரைப் பனியை வாரப்போய் ஏணியோடு விழுந்தவனுக்கு
ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள்.
ஒன்றுமில்லாதது
அவனைத் தூங்கவிடவில்லை,
ஒரு பக்கம்கூடப் படிக்கவிடவில்லை,
பால் வாங்கப் போனவனைப் பால் இல்லாமல் திருப்பி அனுப்பியது.
கிளினிக்கில் இடம் கிடைக்கப் பதினான்கு மாதமாம்.
அதனால்தான், பள்ளிப் பேருந்து ஓட்டும் நான்,
என் அண்ணனின் தலையைப் படிக்கக் கற்றுக்கொள்கிறேன்,
திங்களும் வியாழனும் இரவு எட்டு மணிக்கு
வின்னிபெக்கிலிருந்து க்ளோடெட் திரையில் வந்து திட்டத் திட்ட.

தோலைத் தேய்க்க வேண்டும்,
சட்டி அடியைத் தேய்ப்பதுபோல் அல்ல.
பசை வைத்து, சட்டைப் பொத்தான் அளவு மின்முனையை
அழுத்தி ஒட்ட வேண்டும்.
மின்தடை ஐந்துக்குக் கீழே வர வேண்டும்.
நாற்பத்திரண்டு. பதினேழு.
பதினேழு. பதினேழு.
"அவர் தலையைக் கேட்காதே, உன் கையைக் கேள்" என்றாள் க்ளோடெட்.
எட்டு.
நாலரை.

பிறகு அந்த ரீங்காரம்.
அலை இருக்க வேண்டிய இடமெல்லாம்
சீப்புப் பல்லாக நெருக்கியடித்து நிற்கும்
வீட்டு மின்சாரம்.
விளக்கை அணைத்தேன். ஃப்ரிட்ஜைப் பிடுங்கினேன்.
மடிக்கணினியின் சார்ஜரை, மின்கம்பளியை.
கடைசியில் பிடிபட்டது
அவன் மீன்தொட்டியின் சூட்டுக்கம்பி.
மீன்கள் இருபது நிமிடம் பொறுக்கட்டும்.

"கண்ணை மூடு."

பின்மண்டையில் எழுந்தன,
ஒரு நொடிக்குப் பத்து,
ஒன்றன்பின் ஒன்றாக, வழவழவென்று.
உள்ளே ஆள் இருக்கிறது.
கதவைத் தட்டியவள்போல் வாயடைத்து நின்றேன்.

ஆனால் காதுக்கு மேலே இரண்டு வரிகளில்
நடுநடுவே கறுப்பாக ஒரு கிறுக்கல்.
இது மூளையே இல்லை என்றாள் க்ளோடெட்.
தாடை. பல்லைக் கடிக்கிறார்.
குறித்துக்கொண்டு வெட்டி எறி.
வெட்டினேன்.
மூன்று நிமிடத்தில் மிஞ்சியது நாற்பத்தொரு நொடி.
போதாது, மறுபடி எடு.

மறுபடி எடுத்தபோதுதான்
நானும் காதைத் திறந்துவைத்திருந்தேன்.
விறகடுப்பின் சூட்டில் கூரைப் பனி இளகி
ஒரு பாளம் சரிந்து
முற்றத்தில் பொத்தென்று விழுந்தது.
திரையில் கிறுக்கல்.
கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பாளம்.
கிறுக்கல்.
கண் மூடியபடி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்,
என் அண்ணன் திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தான்.

அந்தத் துண்டுகளை நான் எறியவில்லை.
தனிக் கோப்பில் வைத்து
'கூரை' என்று பெயரிட்டேன்.
க்ளோடெட்டிடம் வியாழக்கிழமை சொல்ல வேண்டும்.
அவனிடம் என்றைக்கு என்று தெரியவில்லை.

முடியிலிருந்து பசையை வழித்துக்கொண்டே
"இப்போது நீ உட்கார்" என்றான்.
நாடாவை வாங்கி அளந்தான்,
இரண்டு முறை, நான் ஒரு முறைதான் அளப்பேன்.
முப்பத்தைந்து என்றான்.
இருபத்தொன்பது என்றான். பதினெட்டு.
அசையாதே. பதினொன்று.
பல்லைக் கடிக்காதே, நீயும் கடிக்கிறாய். ஒன்பது.
இத்தனை சொல் ஒரே மூச்சில் வந்து எத்தனை நாளாயிற்று.

மீன்தொட்டியின் பிளக்கை இன்னும் செருகவில்லை.
எழுந்துபோய்ச் செருக வேண்டும்.
ஏழு என்கிறான்.
அசையக் கூடாது.