நாற்பத்தேழு

துவாஸ் உலர்துறையில் கிரேக்கக் கப்பல் ஒன்று
வயிறு காட்டிக் கிடந்தது பதினோரு நாள்.
அடித்தகட்டில் மாசிலாமணி போட்ட பற்றுக்கோடு
எக்ஸ்ரே படத்தில் ஒரு பொட்டுக் குறையில்லாத வெள்ளை.
ஓரத்தில் அவன் முத்திரை எண்: நாற்பத்தேழு.
அறிக்கையில் நான் எழுதியது பன்னிரண்டு.

பன்னிரண்டு நான்.
மேலிடத்து ஆட்கள் பார்க்க வருவதாகச் சொன்னார்கள்.
வேறு காரணம் இருந்தால்
இந்நேரம் கண்டுபிடித்திருப்பேன்.

மறுநாள் கையுறைகளைக் கழற்றி
தலைக்கவசத்துக்குள் மடித்து வைத்தான்.
ஒரு சொல் பேசவில்லை.
காலி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு
வடக்கே பார்த்து உட்கார்ந்தான்.
வடக்கே நீரிணை. அப்பால் ஜொகூர்.

முதுகில் புண்பட்ட மன்னர்கள்
இப்படித்தான் உட்கார்ந்தார்களாம்,
சோறு தண்ணீர் இல்லாமல்.
இவன் மதியம் இரண்டு பரோட்டா தின்றான்.
என்றாலும் எனக்குத் தெரியும் அது என்னவென்று.
முதுகில் குத்தியவனுக்குத் தெரியாதா?

ஆள் அனுப்பினேன்.
முதலில் இரட்டை ஓவர்டைம்,
பிறகு திருச்சிக்கு விமானச் சீட்டு.
போனவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து
திருப்பி அனுப்பினான்.
நானே போயிருக்கலாம்.
நாற்பதடி தூரம்.

புகைக்கும் மூலையில்
கப்பலின் தலைமை இன்ஜினியர் ஸ்பைரோஸ் சொன்னார்:
"எங்களிடம் ஒரு பழைய பாட்டு உண்டு.
அரசன் தன் பெரிய வீரனின் பங்கைப் பறித்தான்.
வீரன் போருக்கு வரவில்லை.
யார் மானம் பெரிது என்று
இன்னும் வாதாடுகிறோம்."
சாம்பலைத் தட்டினார்.
"இருவருக்கும் நடுவில் செத்தவர்களை
எண்ணி முடிக்கவில்லை."

நான்காம் நாள். மாலை ஓதத்துக்குக் கப்பல் மிதக்க வேண்டும்.
பின்பக்கத் தகடு பாக்கி.
ஏறு என்று குணாளனிடம் சொன்னேன்.
இருபத்திரண்டு வயது. ஏறினான்.
சாரத்தில் கால் வழுக்கி
இடுப்புப் பட்டையில் தொங்கினான்,
ஒற்றைச் செருப்பு மாட்டிய பிள்ளைபோல
ஒரு பூட்ஸ் கீழே என் காலடியில்.

டப்பாவிலிருந்து எழுந்தான் மாசிலாமணி.
எனக்காக இல்லை.
பையனை இறக்கினான், தண்ணீர் கொடுத்தான்,
கவசம் மாட்டி மேலே போனான்.
கீழே நின்று அவனுக்குக் கேபிள் பிடித்தேன்.
தீப்பொறி என் தோளில் விழுந்தது, தட்டிவிடவில்லை.

அன்றிரவு பன்னிரண்டை அடித்து
நாற்பத்தேழு என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
காட்டினேன்.
"சரிண்ணே" என்றான், தாளைப் பார்க்காமல்.

கப்பல் போய்விட்டது.
அந்த எண் இப்போது தண்ணீருக்கடியில்,
எந்தக் கடலிலோ.
டப்பா மட்டும் அங்கேயே.
நேற்று ஆளில்லாத நேரத்தில்
உட்கார்ந்து பார்த்தேன்.
ஜொகூரில் விளக்கு போட்டிருந்தார்கள்.