பச்சை மை

அமானுல்லா வாடகை நூலகத்தில்
கார்கோடன் நாவலை யாரும்
முதல் பக்கத்தில் தொடங்குவதில்லை.
கடைசி அட்டையின் உள்பக்கம்தான் வாசல்.
மஞ்சக்குப்பமே அங்கே எழுதி வைத்திருக்கிறது.

"இன்ஸ்பெக்டர் பூவராகனுக்கு எப்பத்தான் கல்யாணம்?"
"கொலைகாரன் சமையல்காரன். 43ஆம் பக்கத்திலேயே தெரிஞ்சிடுச்சு."
அதன் கீழே வேறு கை:
"பாவி, சொல்லித் தொலைச்சிட்டியே."
"அட்டைப்படத்துப் பொண்ணு கதையில் வரவே இல்லை."
"எங்க வீட்டுக்காரர் ராத்திரி கொல்லைப்பக்கம் போகத் துணைக்குக் கூப்பிடுறார்."

நான் மருந்துக்கடையில் நிற்கிறவள்.
டாக்டர் கிறுக்கியது ஐம்பதா ஐந்நூறா என்று
பிரித்துச் சொல்லத்தான் சம்பளம்.
அதனால் அந்தப் பச்சை மை
முதல் நாளே கண்ணில் குத்தியது.
நிமிர்ந்த எழுத்து,
ஒரு மெய்க்கும் புள்ளி தவறாத கை.

"பிரேதப் பரிசோதனை அறிக்கை மூன்று மணி நேரத்தில் வராது."
"அமாவாசையன்று கெடிலத்தில் நிலவு எப்படி?"
"ஒன்பதாம் அத்தியாயத்தில் பூவராகனுக்கு இடது கையில் கட்டு.
பத்தாம் அத்தியாயத்தில் வலது."

எட்டுப் புத்தகம் இப்படியே போனது.
ஒன்பதாவதில் கார்கோடன் தடம் மாறினார்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
மீட்டர் கணக்கெடுக்க ஒரு மோகினி வந்தாள்.
காக்கிச் சட்டை, கையில் சின்ன மிஷின்.
யார் வீட்டில் யாரை நினைத்து
விளக்கை அணைக்காமல் கிடக்கிறார்கள் என்று
யூனிட் பார்த்தே சொல்லிவிடுவாள்.

எனக்குப் பிடித்துவிட்டது.
பச்சை மைக்குக் கோபம்.
"துப்பறியத் தெரியாதவர் பிசாசைக் கூப்பிடுகிறார்."
"மோகினி நிரந்தரப் பணியாளரா, ஒப்பந்தமா? விளக்கவும்."

பென்சிலால் பதில் போட்டேன்:
"பிணத்தை நம்புறீங்க, பேயை நம்ப மாட்டீங்களா சார்?"
அடுத்த புத்தகத்தில் பதில் இருந்தது:
"சார் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?"
அன்று மாலை ஒருவருக்கு
மூன்று மாத்திரை கூடுதலாக எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

பதினொன்றாவதில்
எழுபத்தாறாம் பக்கத்தோடு பச்சை நின்றது.
ஒரு சொல்லின் கீழே
பாதி இழுத்த கோடு.

பாய் லெட்ஜரைத் திறக்கவில்லை.
"உன் கடையில யார் என்ன மாத்திரை வாங்குறாங்கன்னு
நீ சொல்லுவியாம்மா?"

சரி, பூவராகன் வழியில் போவோம் என்று
ஒரு கிராம்பைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு யோசித்தேன்.
பச்சை மை: கெஜட்டட் ஆபீசர்.
நின்றது ஜூனில்: மாற்றல்.
கேஸ் முடிந்தது.

முடியவில்லை.
ஐப்பசியில் முத்தியால்பேட்டைக்கு
நாத்தனார் வீட்டுக்குப் போனவள்
மழைக்கு ஒதுங்கிய இடம் ஒரு வாடகைப் புத்தகக் கடை.
பன்னிரண்டாம் நாவல். கடைசி அட்டை.
பச்சை.

இது வேறு சர்க்கார்.
கடலூர் ஆபீசருக்குப் புதுச்சேரிக்கு மாற்றல் வராது.
அப்படியென்றால் ஓய்வு.
அட்டெஸ்ட் செய்ய இனி ஒரு காகிதமும் வராது;
பேனாவில் மட்டும் மை மிச்சம்.

இந்தப் புத்தகத்திலும் அமாவாசையன்று நிலா காய்ந்தது.
கண்டுகொள்ளவில்லை.
இரண்டு மெய்களுக்குப் புள்ளி இல்லை.
எழுதியிருந்தது இவ்வளவுதான்:
"புது வீட்டுக்கு மீட்டர் எடுக்க வந்தது ஒரு பையன்.
ஏனோ ஏமாற்றம்."

டெபாசிட் நூற்றைம்பது ரூபாய்.
கட்டினேன்.
ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க
தவளக்குப்பம், அரியாங்குப்பம் எல்லாம் தாண்டி
பஸ்ஸில் வரப்போகிறவளை
நாத்தனார் என்ன சொல்வாள் என்று தெரியும்.

"மேடம்" என்று எழுதி
அடித்தேன்.
கார்கோடன் கதையாக இருந்தால்
இந்த இடத்தில் கரண்ட் போயிருக்கும்.
போகவில்லை. ட்யூப்லைட் மட்டும் ஒருமுறை கண் சிமிட்டியது.
எழுதினேன்:

"பதினொன்று, பக்கம் 76.
'வாசல்' என்ற சொல்லின் கீழ்
கோடு ஏன் பாதியில் நிற்கிறது? விளக்கவும்."