காலி வண்டியின் எடை

காவேரிப்பட்டணம் ரோட்டில் பதினொரு வருடமாக
எடைமேடை ஜன்னலுக்குப் பின்னால் நான்.
மாங்காயோடு லாரி ஏறும், எழுதுவேன்.
கூழ் ஆலையில் கொட்டிவிட்டுத் திரும்பும், எழுதுவேன்.
கழித்தால் வருவது மாங்காய்.

திருட்டெல்லாம் எனக்கு அத்துப்படி.
பாரத்தோடு வரும்போது தண்ணீர் டாங்கி தளும்பும்,
திரும்பும்போது காய்ந்து கிடக்கும்.
கிளீனர் பையன் முதல் எடைக்கு உள்ளே இருப்பான்,
இரண்டாவதுக்கு இறங்கிப் பீடி பற்றவைப்பான்.
"ஸ்டெப்னி எங்கேண்ணே?"
நாற்காலியை விட்டு எழாமலே கேட்பேன்.
எழுவது அவ்வளவு சுலபமில்லை என்பதும் உண்டு.

நூற்று இருபத்தெட்டு கிலோ, நானூறு கிராம்.
கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரித் தராசில் ஏறும்முன்
செருப்பைக் கழற்றினேன், வளையலைக் கழற்றினேன்,
கொண்டை ஊசியையும் உருவினேன்.
நர்ஸ் சிரித்தாள்.

வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷன்,
இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று
துணிப்பையோடு போயிருந்தேன்.
டாக்டர் நவாஸ்கான் தேதி தரவில்லை.
தாள் தந்தார், ஆறு தாள்.
சர்க்கரை ஒன்பதுக்கு மேல், முதலில் அது இறங்கணும்.
இதயத்தை ஒருவர் பார்க்கணும்,
தூக்கத்தை இன்னொருவர்.

தூக்கத்தையா?
"குறட்டை நடுவில் மூச்சு நிற்குதா?"
எனக்கெப்படித் தெரியும், நான் தூங்குகிறேனே.
வெளியே பெஞ்சிலிருந்த மாதையனைக் கூப்பிட்டார்கள்.
"நிக்கும் டாக்டர். நான் எண்ணுவேன்.
இருபத்திரண்டு வரைக்கும் எண்ணியிருக்கேன்."
பதினாறு வருடத்தில் ஒரு நாளும்
இதை என்னிடம் சொன்னதில்லை அந்த மனுஷன்.

உணவு ஆலோசகர் பிரசில்லா கேட்டாள்:
"பசிச்சா சாப்பிடுவீங்களா, சும்மா இருந்தாலா?"
இரண்டு லாரிக்கு நடுவில், என்றேன்.
அப்படியே எழுதிக்கொண்டாள்.

மயக்க டாக்டர் ஹேமாவதியின் அறையில்தான்
நான் பொய் சொன்னது.
"வேற மருந்து ஏதாவது?"
இல்லை.
"நாட்டு மருந்து, பொடி, லேகியம்?"
இல்லைங்க.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் விட்டேன்.
ஜன்னல் கண்ணாடியில் ஒரு முகம்,
டாங்கி நிரம்பியிருப்பதை மறைத்து
என்னிடம் பல்லிளிக்கும் டிரைவருடையது மாதிரியே.
கண்டக்டர் விசிலடிப்பதற்குள் இறங்கினேன்.
மூச்சிரைக்க ஆஸ்பத்திரிப் படியேறி
கைப்பையைத் திறந்து மேசைமேல் வைத்தேன்:
முட்டிவலிக்கு அரூர்ப் பக்கத்துப் பொடி,
நான்கு வருடமாக, காலையும் ராத்திரியும்.

அவர் திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டேன்.
பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார்.
"ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.
தெரியாம மயக்கம் கொடுத்திருந்தா
பிரஷர் விழுந்து, ஏன்னு தேடிக்கிட்டிருப்போம்."
இன்றைக்கே தூக்கிப் போடுகிறேன் என்றேன்.
"ஐயோ, வேண்டாம். சட்டுனு நிறுத்துறதும் ஆபத்து.
ரத்தம் பார்த்துட்டு, அளவு தெரிஞ்ச மாத்திரைக்கு மாத்தி,
கொஞ்சம் கொஞ்சமா நாங்களே இறக்குறோம்."

தேதி மாங்காய் சீசனைத் தாண்டிப் போனது.
முதலாளிக்குச் சந்தோஷம்.

இப்போது ஜன்னலோரம் மூன்று பந்து உள்ள
பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது.
குழாயை உறிஞ்சினால் பந்து ஏறணும்,
நுரையீரல் பழகணுமாம்.
முதல் பந்து ஏறுகிறது, இரண்டாவதும்.
மூன்றாவது நடுங்கிவிட்டு உட்கார்ந்துகொள்ளும்.
ராயக்கோட்டை டிரைவர் ஒருவர் எடைச்சீட்டை மறந்து
"ஏறும் ஏறும், விடாத" என்று நின்றுவிட்டார்,
பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.

கடைசி இரண்டு வாரம் கஞ்சியும் புரதத் தண்ணீரும்தானாம்,
கல்லீரல் சுருங்கி வழிவிட.
அதற்குப் பிறகு சத்து மாத்திரை, சாகும்வரைக்கும்.
பயம் போகவில்லை. அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டேன்,
அதற்கும் ஒரு தாள் இருந்தது.

ராத்திரி முகமூடி மாட்டிக்கொள்கிறேன்,
வாடகை மெஷின் காற்றை ஊதுகிறது.
விழித்துப் பார்த்தால் மாதையன் மல்லாந்து
விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.
"எண்ணுறியா?"
"எண்ண ஒண்ணுமில்ல இப்போ.
அதான் தூக்கம் வர மாட்டேங்குது."