தகட்டின் வேலை

பாலிக் பூலாவ் மலைச்சாலை இறக்கத்தில்
ஒவ்வொரு வளைவிலும் என் மைவி கத்தியது.
டுரியான் கடைக்காரர்கள்
தராசைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்று வாரம்
வானொலியைக் கூட்டிவைத்து ஓட்டினேன்.
ராத்திரி மழையில் நனைந்தால் துரு படியும்,
ரெண்டு சிக்னலில் உதிர்ந்துவிடும் என்று
ஆபீஸில் சத்தியசீலன் சொல்லியிருந்தார்.
கொளுத்தும் வெயிலிலும்
அதையே நம்பினேன்.

ஜெலுத்தோங் பட்டறையில் சூன் கியாட்
சக்கரத்தைக் கழற்றி
பிரேக் கட்டையை என் உள்ளங்கையில் வைத்தான்.
மிச்சம் இரண்டு மில்லிமீட்டர்.
ஓரத்தில் நாக்கு மாதிரி ஒரு தகடு:
கட்டை தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசிக்
கத்துவதற்கென்றே வைத்தது.
பழுதில்லை காக், அது வேலை செய்கிறது என்றான்.
இன்னும் விட்டிருந்தால்
கத்தாதாம், அரைக்குமாம்;
டிஸ்க்கும் சேர்ந்து போயிருக்குமாம்.

நூற்றுத் தொண்ணூறு வெள்ளி.
புதுசு பழகும்வரை
பார்த்து மிதிக்கச் சொன்னான்.

அன்று மாலை ஃபிளாட்டின் கீழே
சத்தமே இல்லாமல் நின்றது வண்டி.
நான்காம் மாடி. கதவைத் திறந்தால்
கணக்குப் புத்தகம் மூடிக் கிடக்க
சோபாவில் கவிழ்ந்து கைப்பேசியோடு யஷ்வினி.
“ம்மா! எப்ப வந்தீங்க?
பிரேக் சத்தமே கேக்கலியே!”

மூன்று வாரமாய்
அவளை மேசைக்கு விரட்டியது
நானில்லை, அந்தத் தகடு.

இன்று படியேறும்போது
மூன்றாம் மாடியில் நின்று
ஒருமுறை
இருமினேன்.