கல்லறைக் குழாய்

மூன்று வருடம் பழைய அதே பலகை.
ஆண்டை மட்டும் டேப் ஒட்டி மாற்றியாயிற்று.
முகத்துக்கு அந்த வசதி இல்லை.

நியூசிலாந்தின் மேற்குக் கரை மழை
கட்சி பார்ப்பதில்லை; எங்கள் ஊர்க்குழுவிலும் கட்சி கிடையாது.
அறுவர் பலகையும் ஒன்றாக நனைகின்றன.

முதல் கதவில் ஹெட்லி ப்ரூம்.
"படகுத்துறைக் கைப்பிடி என்னாச்சு?"
அடுத்த பட்ஜெட்டில்.
"இதைப் போன தடவை சொன்னது யாரு?"
நான்தான்.
அவர் நாய் என் துண்டறிக்கையை முகர்ந்துவிட்டு
உள்ளே போய்விட்டது.

சென்ற முறை நான்கே ஓட்டில் ஜெயித்தேன்.
யார் அந்த நால்வர் என்று
தூக்கம் வராத இரவுகளில் எண்ணுவேன்.
மீன்கடை மேவிஸ் இருக்கலாம்.
மரலாரி ஓட்டிய தாமட்டி இருக்கலாம்.
இருவருமே இப்போது மேட்டுக் கல்லறையில்.

வெளியேறும்போது கை நனைக்க
அங்கே ஒரு குழாய் கேட்டது தாமட்டிதான்.
போட்டுக்கொடுத்தேன்.
நான் கைகழுவாத ஒரே வாக்குறுதி
கை கழுவத்தான்.

இன்று மாலை அவர் மகள் மெரியானா அங்கே இருந்தாள்.
விரல்களை நனைத்து, தலைமேல் தெளித்து,
"சீட்டு தபாலில் வந்தது,
இன்னும் பிரிக்கல" என்றாள்.
குழாயை இறுக்கி மூடினாள்.

அவள் கார் வளைவு திரும்பியதும்
ஒருமுறை திறந்து பார்த்தேன்.
வந்தது.