இருப்பதாகச் சொல்லப்படுகிறது

பெட்டியைத் திறந்து பார்க்க எனக்கு உரிமையில்லை.
கம்பெனிக்கும் இல்லை.
அதனால் பில்லில் எப்போதும் இப்படித்தான் அடிப்பேன்:
நானூற்றுப் பத்துச் சிப்பம் நிலாவாரை இலை
உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுகிறது.

சொன்னவர் சாத்தான்குளம் வென்னிமாலை.
தேரி ஓரத்து வெயிலில் காய்ந்த இலை,
ஹாம்பர்க்கில் யாருடைய வயிற்றையோ
ஒரு காலையில் இளக்கப் போகிற இலை.
எண்ணியது அவர், அடுக்கியது அவர், கதவை அறைந்து சாத்தியது அவர்.
முத்திரை எண் மட்டும்தான் எங்கள் பாடு.
போய்ச் சேரும்போது அது உடையாமல் இருந்தால்
எங்கள் மனச்சாட்சியும் உடையாமல் இருக்கும்.

பெண் பார்க்க வந்த நாசரேத்துக்காரர்கள் கேட்டார்கள்,
"கப்பல் கம்பெனின்னா, எத்தன கப்பல் ஓடுது?"
ஒன்றும் இல்லை என்றேன்.
கப்பல் ஒரு கிரேக்கருடையது, வாடகைக்கு.
கொடி லைபீரியா. சமையல்காரர் மணிலா.
பெட்டிகூடக் குத்தகைதான்.
எங்களுக்கென்று இருப்பது ஒரு கால அட்டவணை,
அதுவும் மாறுதலுக்கு உட்பட்டது.
காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

துறைமுகச் சாலை, மூன்றாம் மாடி, இரவு பதினொன்று.
தூத்துக்குடியில் ஏறுவது சின்னக் கப்பல்,
அது கொழும்பு மட்டும்தான் போகும்.
அங்கே தாய்க்கப்பல் வரும்.
யாருக்காகவும் ஒரு மணி நேரம் காத்திராத அதற்குத்
தாய் என்று பெயர் வைத்தவர் யாரோ.
செங்கடல் வேண்டாமென்று
ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போகிறது,
பத்து நாள் கூடுதல், பத்து நாள் எண்ணெய்,
அதற்கொரு சர்சார்ஜ், அதற்கு மூன்றெழுத்தில் ஒரு சுருக்கம்.
வென்னிமாலைக்கு விளக்கினேன்.
"தாயி, எல எங்கூருலதான காயுது?
அங்கன சண்ட போட்டா இங்கன எதுக்குக் காசு?"

பன்னிரண்டே முக்காலுக்குக் கொழும்பு மெயில்:
எடை மிகுதி. இருபத்திரண்டு பெட்டிகள் கரையில் நிற்கட்டும்.
பதினேழாவது அவருடையது.
பட்டியல் போட்ட மென்பொருளுக்கு யார்மேலும் கோபமில்லை.
அதற்கு எடை தெரியும், கட்டணம் தெரியும்,
வருஷத்துக்கு ஆயிரம் பெட்டி அனுப்புகிறவர் யாரென்று தெரியும்.
வென்னிமாலை அனுப்புவது ஆறு.

ஒரே மணியில் எடுத்தார். தூங்கியிருக்கவில்லை.
அடுத்த வாரம் ஏறிவிடும் என்றேன்.
"ஏறிரும்னு எழுதித் தருவியா?"
எழுத்தில் எங்களுக்கு இருக்கிற சொல்
ஏறக்கூடும்.
கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது.
பிறகு, "பெட்டி வெயில்லயா நிக்கும்? எல கறுத்திராதே?"

ஏழு வருஷமாக அந்த இலையை அடித்துக்கொண்டிருக்கிறேன்.
கறுக்குமா தெரியாது.
பச்சையா மஞ்சளா, விரலில் நொறுங்குமா,
வாசம் உண்டா, தெரியாது.
நிழல் பார்த்து நிறுத்தச் சொல்கிறேன் என்றேன்.
ஆறு பெட்டி உயரத்துக்கு அடுக்கிய யார்டில்
நிழல் என்பது இன்னொருவர் பெட்டியின் அடி.
அதற்கு யார்டு சூப்பர்வைசரிடம் கெஞ்ச வேண்டும்.
கெஞ்சினேன்.
அதற்கு எந்தப் படிவமும் இல்லை, கட்டணமும் இல்லை.

ஐந்தரைக்குப் பஸ் நிறுத்தம்.
உப்பளத்துப் பெண்கள், தூக்குவாளி,
குதிகால் வெடிப்பில் நேற்றைய வெள்ளை.
தூரத்தில் ஊதியது, என் கப்பல்,
எனக்குச் சொந்தமில்லாத என் கப்பல்.
பக்கத்தில் நின்றவள் கேட்டாள், "எதக் கொண்டு போகுது?"
பனியன், தீப்பெட்டி, றால், கிரானைட்,
அறுநூற்றுச் சொச்சம் பெட்டியும்
என் விரலில் ஏறி இறங்கியவைதான்.
"துணிமணி, தீப்பெட்டின்னு சொல்லுதாங்க," என்றேன்.
"அப்ப நீ பாக்கலையா?"

பஸ் வந்துவிட்டது. முன்வாசலில் அவள் ஏறினாள்.